சுவரில் ஒரு குடும்பம்

ஜூன் 3, செவ்வாய்

மாலை வகுப்பில் குடும்பப் பாடம் தொடங்கினேன். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் வருபவர்களையும் ஒரே மாதத்தில் பேசவைத்துவிடுவேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. என் ஆயுதம் சுவரில் மாட்டிய சார்ட். நானே வரைந்தது: அம்மா, அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மகள், ஒரு நாய், தோட்டம் வைத்த வீடு, சிவப்புக் கார். எல்லோரும் அந்த அம்மாவாக நின்று பேச வேண்டும். லாரி டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டு "ஐ ஹேவ் எ ஹஸ்பண்ட்" என்றார். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சொந்தக் கதை பேசக் கூடாது என்பது என் சட்டம். முன்பு ஒரு வகுப்பில் "உங்களுக்கு அண்ணன் உண்டா?" என்று கேட்கப்போக, ஒரு அம்மாள் விக்கி விக்கி அழுதார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் பாடம் நடத்த வந்தேனா, துக்கம் விசாரிக்க வந்தேனா?

வீட்டுக்காரருக்குக் கிண்டல். "நமக்கு ஓட்டை ஸ்கூட்டர். உன் சுவத்துக் குடும்பத்துக்கு மட்டும் காரா?"

ஜூன் 5, வியாழன்

முதல் பெஞ்சில் உட்காரும் தையல்காரம்மா வகுப்பு முடிந்தும் நின்றார். மகன் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டானாம். மருமகளுக்குத் தமிழ் தெரியாது. அடுத்த மாதம் இருவரும் வருகிறார்கள்.

"நடுவுல எம் பையன் நின்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டிருந்தா, அது மாமியார் மருமக பேச்சா டீச்சர்? அவகூட நானே பேசணும்."

பேசுவீர்கள் என்றேன். வேண்டுமானால் எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

தையல்காரம்மா முழு சார்ட்டையும் கடகடவென்று ஒப்பித்தார். என் மாணவி!

ஜூன் 17, செவ்வாய்

அவர் வரவில்லை. கடையில் வேலை அதிகமோ?

ஜூன் 19, வியாழன்

இன்றும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. "அவங்க பையன் போன்ல சத்தம் போட்டானாம்" என்றார் லாரி டிரைவர். மேற்கொண்டு கேட்டால் தலையைச் சொறிகிறார்.

ஜூன் 20, வெள்ளி

ஐயோ, என்ன வேலை பண்ணிவச்சிருக்கேன்!

கடைக்கே போய்விட்டேன். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், கூரைவரை துணி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தார். ஊசியில் நூலே இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் மருமகள் தனியாகப் பேசியிருக்கிறாள். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். இவர் இரண்டு மகன்கள், ஒரு மகள், நாய், தோட்டம், கார் எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டார். மறுநாள் மகன் கத்தியிருக்கிறான்: "எனக்கு எப்பம்மா தங்கச்சி பொறந்தா? அண்ணன் வேற இருக்கானாமே! இன்னும் என்னென்ன மறைச்சேன்னு கேக்குறா. நான் எது சொன்னாலும் சமாளிக்கிறேங்கிறா. ஊருக்கு வரணுமான்னே யோசிக்கிறா."

உங்கள் குடும்பத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நானும் பையனும் ரெண்டே பேரு. அது அவளுக்கே தெரியும். அவ 'அப்புறம், அப்புறம்'னு ஆசையா கேக்குறா டீச்சர். சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? சுவத்துல இருந்ததெல்லாம் வாயில வந்துச்சு. சொல்லச் சொல்ல நல்லாவும் இருந்துச்சு."

படித்ததை அப்படியே சொன்னவரை என்னவென்று திட்டுவது? வீட்டுக்கு வந்து தட்டில் போட்டதைச் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 21, சனி

அழுது என்ன ஆகப்போகிறது? கெடுத்தவளே சரிசெய்தால் போயிற்று. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். தப்பு வீட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

காலையிலேயே கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றும் இல்லையாம்! யாரையும் தொடவிடாத பெரிய கத்தரிக்கோல். நிறம் நிறமாகப் பிரித்துவைத்த பொத்தான் டப்பா. இறந்துபோன கணவரும் தையல்காரர்தான். இப்போது இவர் கழுத்தில் தொங்குவது அவருடைய அளவு டேப். மெஷினுக்கோ மழைநாளில் நூலை அறுக்கும் புத்தி.

"மெஷினுக்குக் கோபம் வரும்னு எப்படிச் சொல்றது டீச்சர்?"

சொல்லிக்கொடுத்தேன். சட்டமாவது மண்ணாவது.

ஜூன் 26, வியாழன்

தினமும் கடைக்குப் போகிறேன். என் ரவிக்கை ஒன்றும் தைத்து முடிந்தது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று மருமகளை வீடியோவில் அழைத்தோம். சாட்சிக்கு இருக்கட்டும் என்று சார்ட்டைச் சுருட்டி எடுத்துப்போயிருந்தேன். போனில் முகம் தெரியாமல் துணிமூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

மருமகள் முகத்தில் சிரிப்பில்லை. தையல்காரம்மா எடுத்த எடுப்பிலேயே, "ஐ டோன்ட் ஹேவ் எ டாக்" என்றார். அப்புறம் காரும் இல்லை, தோட்டமும் இல்லை. நான் சார்ட்டைப் பிரித்துக் கையை மட்டும் நீட்டினேன். "மை லெசன்" என்று தையல்காரம்மா காட்ட, அந்தப் பெண் அதை உற்றுப் பார்த்தாள்.

"நோ டாட்டர்?"

"நோ டாட்டர். ஒன் சன்." போனை விரலால் தொட்டுக் காட்டினார். "அண்ட் யூ."

இது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. மூட்டைக்குப் பின்னால் என் மூக்கு ஒழுகியது. அந்தப் பக்கமும் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அதன்பிறகு கத்தரிக்கோல், பொத்தான், டேப், கோபக்கார மெஷின் என்று கடை முழுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் கால் மரத்துப்போனது. இவர்கள் நிறுத்துவதாக இல்லை.

ஜூலை 10, வியாழன்

மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள்! இன்று தையல்காரம்மா இருவரையும் வகுப்புக்கே அழைத்துவந்தார். மருமகளுக்கு முதலில் சுவரைப் பார்க்க வேண்டுமாம். தையல்காரம்மா சார்ட்டில் இருக்கும் பெண்ணைக் காட்டி, "உன் நாத்தனார்" என்று தமிழிலேயே அறிமுகம் செய்துவைத்தார். இவள் கும்பிட்டாள். உண்மை தெரிவதற்கு முன் நாய்க்கென்று வாங்கிய கழுத்துப்பட்டை வேறு கொண்டுவந்திருக்கிறாள். அது இப்போது மாமியார் இடுப்பில். கத்தரிக்கோல் அதில் தொங்குகிறது.

மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாதி ஆங்கிலம், பாதி கை. மகன் கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டான்.

"எனக்கு இங்க வேலையே இல்ல டீச்சர்."

இருக்கக் கூடாது என்றுதான் உன் அம்மா என்னிடம் வந்தார் என்றேன்.

போகும்போது சார்ட்டை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். கடையில் மாட்டப்போகிறார்களாம்.

ஜூலை 22, செவ்வாய்

சுவர் காலி. இன்று எல்லோரும் அவரவர் குடும்பத்தைச் சொன்னார்கள். லாரி டிரைவர் எழுந்து "ஐ ஹேவ் ஒன் சிஸ்டர்" என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். கண் நிறைந்துவிட்டது. பழைய நானாக இருந்தால் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன். காத்திருந்தேன். தையல்காரம்மா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"ஷீ ஹேஸ் மை சைக்கிள்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு, இத்தனை வருஷம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டார்.