பூட்ஸோடு நின்றேன்

19 ஆகஸ்ட் 1951, ஞாயிறு

காக்ஸ் டவுனில் இன்று நினைவுக்கல் திறந்தார்கள். ஜப்பான்காரனிடம் கைதியாகி, விமானத்தளம் போடக் கல் சுமந்தே செத்த எங்கள் பட்டாளத்து ஆட்களுக்கான கல். நான் மாலை போடப் போனபோது விழாக் காரியதரிசி குறுக்கே வந்தார்.

"பூட்ஸ கழட்டிட்டுப் போங்க சார். இது கோயில் மாதிரி."

"கோயில்தான் சார். ஆனா இவங்க சாகுற வரைக்கும் வெறுங்காலோட கல்லு சுமந்தாங்க. இன்னைக்கு நான் கழட்ட மாட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தது. என்னோடு கைதியாக இருந்த மாரியப்பன், கழற்றி வைத்த பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். இருவரும் சல்யூட் அடித்தோம். காரியதரிசி யாரிடம் வேண்டுமானாலும் புகார் சொல்லட்டும். நான் செய்தது சரி.

கல்லில், எங்களோடு கல் சுமந்த செல்வராஜ் பெயரும் இருக்கிறது. அவனைப் புதைத்தபோது காலில் இருந்தது, நான் கிழித்துச் சுற்றிய சாக்குதான்.