தூக்கின கைகள்

1997 ஒக்டோபர், செவ்வாய்

அச்சகத்தில எனக்கும் சுனிலுக்கும் மட்டும்தான் காது கேக்காது. ரெண்டு பேரும் புத்தகம் கட்டப் பழகுறம். அங்க கூப்பிடுறதெண்டால் தோளில தட்டுவினம். முதலாளியும் எங்களோட கையாலதான் கதைப்பார்.

இண்டைக்கு வேலை முடிஞ்சு வரேக்க, கொழும்பு வெள்ளவத்தைச் செக்பொயின்ற்றில ஆமிக்காரன் நில்லெண்டு கத்தினது தெரியாமல் நான் நடந்திட்டன். சுனில்தான் எங்களுக்கு நேர நீட்டின துவக்கைக் கண்டு என்னைப் பிடிச்சு நிப்பாட்டினவன். ரெண்டு பேரும் கையைத் தூக்கினம். ஆமிக்காரன் வாயை அசைச்சு என்னவோ கேட்டான். தூக்கின கையால என்னத்தைச் சொல்லுறது? சுனில் கையை இறக்கி, எங்களுக்குக் காது கேக்காது எண்டு காட்டினான். துவக்குப் பிடியால அவன்ர வலக்கையில அடி விழுந்தது.

மூண்டு விரல் வீங்கிப் போச்சு. புத்தகம் தைக்கிற விரல்கள். பஸ்ஸில இடக்கையால எனக்கு என்னவோ நீளமாச் சொன்னான். பாதிதான் விளங்கினது. முழுக்க விளங்கின மாதிரித் தலையாட்டிட்டன்.