பரசேரி என் இடுப்பில் இருக்கிறது

அக்கா,

நேற்று உன் முதலாண்டு நினைவுப் பூசை முடிந்து குளச்சலில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உன் மகள் பொட்டலம் கட்டித் தந்த நெத்திலிக் கருவாடு மடியில் இருந்து மணத்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இரணியல் தாண்டியதும் கண்டக்டர், "பரசேரி எல்லாம் இறங்கு!" என்று குரல் கொடுத்தார். என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. முதுகெலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினேன். அடுத்த நொடி பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கருவாட்டுக்குப் பயந்தாளா, சிரிப்புக்குப் பயந்தாளா தெரியவில்லை. இரண்டும் நீ கொடுத்ததுதான்.

செருப்புக் கடை மாடியில் இருந்த நம் பயிற்சி மையம் உனக்கு ஓர்மை இருக்கும். அக்குபங்சர், அழகுக்கலை, எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற உழிச்சல் மூன்றையும் ஆறே மாதத்தில் கற்றுத் தருவதாக மாடிப்படியில் எழுதிப் போட்டிருந்தார்கள். விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், சொந்தமாக ஒரு பார்லர் வைக்கலாம் என்று நான் சேர்ந்தேன். பன்னிரண்டு பெண்கள். நீ கடைசி ஆளாக மூச்சு வாங்கப் படியேறி வந்தாய். தலையில் கூடை இல்லாமல் உன்னைப் பார்த்ததே இல்லையா, அடையாளம் தெரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. உனக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, நீ வடசேரி டீச்சரம்மா மவல்லா? நேத்து தந்த அயிலை நல்லா இருந்துதா?"

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பின்வாசலில் கூடையை இறக்குகிற மீன்காரி என் வகுப்புத் தோழி ஆகிவிட்டாள் என்று எனக்குத் தலை சுற்றியது. பாடம் நடத்துகிற மேடம் அதோடு விடவில்லை. ஆளுக்கொரு உடம்பு இருந்தால்தான் படிக்க முடியும் என்று சொல்லி, உயரம் பார்த்து ஜோடி பிரித்தார். நீயும் நானும் அச்சு அசலாக ஒரே உயரம். ஆறு மாதத்துக்கு என் உடம்பு உனக்குப் பாடப் புத்தகம், உன் உடம்பு எனக்கு.

"நீங்க எப்படி இங்க..." என்று நான் இழுத்தபோது நீ முறைத்தாய். "மூணு வருசமா நீ, வா, போன்னுட்டு இப்ப என்னத்துக்கு நீங்க? அக்கான்னு கூப்பிடு. நீன்னு பேசு." அன்றிலிருந்து அப்படித்தான். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் அம்மாவிடம் ஜோடி பற்றிச் சொல்லவில்லை. யாரோ ஒரு அக்கா என்றேன். நீயோ அதைப் புரிந்துகொண்டு கூத்தடித்தாய். பின்வாசலில் குத்தவைத்து மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே, "மவ இப்ப என்ன படிக்குதா டீச்சரம்மா?" என்று பாவம் போல் கேட்பாய். அம்மா, "ஏதோ ஊசி குத்துத படிப்பாம்" என்பாள். "அப்படியா! கூடப் படிக்குதவளுவ எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைவதானே?" என்பாய். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் உன்னைக் கண்ணால் எரிப்பேன். பதினோரு மணிக்கு மாடியில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து அதற்கெல்லாம் சேர்த்து அழுத்துவாய்.

எதற்கு இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். என் முகத்தில் பப்பாளிக் கூழைப் பூசிக்கொண்டிருந்தாய். பேசக்கூடாத நிலையில் நான் இருந்ததால்தான் அவ்வளவும் சொன்னாய் போலிருக்கிறது.

"இருவது வருசமா இந்த நாரோலு டவுனு தெருவு அம்புட்டும் நடந்திருக்கேன் மக்கா. ஒரு வீட்டு முன்வாசல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டு முன்வாசல்ல என்ன கலர் கதவுன்னு கேட்டா சொல்ல மாட்டேன். இந்த சட்டிபிக்கேட்டு கிடைச்சா வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு, கையில ஒரு பையோட, முன்னால வந்து பெல்லு அடிப்பேன். உங்க வீட்டுலதான் முதல்ல அடிப்பேன்."

பப்பாளி காய்ந்து முகம் இறுகிவிட்டது. நீயே ஈரத் துணியால் துடைத்துவிட்டாய்.

ஆனால் சான்றிதழுக்குக் குறுக்கே ஆங்கில எழுத்து நின்றது. நீ ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். உடம்பில் ஓடும் ஒவ்வொரு பாதைக்கும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். கண்ணோரத்தில் தொடங்கித் தலை வழியாக முதுகில் இறங்கிக் கால் சுண்டுவிரலில் முடிகிற பாதையில் மட்டும் அறுபத்தேழு புள்ளி. "இந்தச் சவத்து எழுத்து மண்டையில நிக்கல்ல" என்று படத்தைச் சுருட்டி எறிந்தாய். மறுநாள் வந்து, "ஏட்டி கவுந்து படு, வழி கண்டுபிடிச்சாச்சி" என்றாய்.

தினமும் வருகிற பஸ் ரூட்டை என் உடம்பில் ஓட்டிவிட்டாய். கடலைப் பார்க்க வேண்டும் என்பதால் கண்ணோரம் குளச்சல். கழுத்து நெய்யூர். வலியெல்லாம் கூடி நெருக்கியடிக்கிற தோள்பட்டை நடுவே திங்கள்சந்தை. கொஞ்சம் இறங்கினால் இரணியல். இடுப்பில் பரசேரி. பஸ் பெரிய ரோட்டுக்குத் திரும்புகிற தோட்டியோடு, முட்டி மடங்குகிற குழியில். ஆடுசதை சுங்கான்கடை, கணுக்கால் பார்வதிபுரம். கடைசியில் சுண்டுவிரலைப் பிடித்துத் திருகி, "இதுதான் வடசேரி. உங்க வீடு. தலையில மீனைத் தூக்கிட்டு இம்புட்டு தூரம் வந்தா சுண்டுவிரலு" என்றாய். நடுவில் வருகிற மற்ற புள்ளிகளுக்குப் பள்ளிக்கூடம், சாராயக் கடை, உன் நாத்தனார் வீடு என்று பெயர் வைத்தாய். நாத்தனார் வீட்டில் மட்டும் கொஞ்சம் பலமாக அழுத்துவாய்.

ஊசிக்கு எல்லோரும் பஞ்சுத் தலையணையில் பழகினார்கள். நீ வீட்டில் ஒரு முழுச் சூரை மீனில் பழகினாய். "தோலுக்குக் கீழ சதை மனுசன மாதிரியே இருக்கு கேட்டியா" என்று வந்து சொன்னாய். அந்த மீனை என்ன செய்தாய் என்று மேடம் பயத்தோடு கேட்டார். "கொழம்பு வச்சேன். ஊசிய எல்லாம் எண்ணி எடுத்தாச்சி மேடம். பொறவும் அவரு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயவே பாத்துக்கிட்டிருந்தேன். என்னைக்கும் இல்லாம இன்னைக்கு ஆசையா பாக்குதாளேன்னு மனுசனுக்கு ஒரே வெட்கம்."

தேர்வுக்கு நாம் ஒரு திட்டம் போட்டோம். நான்தான் உன் உடம்பு. நான் குப்புறப் படுத்திருப்பேன். நீ புள்ளியில் விரல் வைத்ததும் அதற்குரிய எழுத்தையும் எண்ணையும் தலையணைக்குள் நான் முணுமுணுப்பேன். நீ அதை உரக்கச் சொல்வாய். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். பிசகவே இல்லை.

தேர்வாளர் அம்மா சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தார். மேல் பெர்த் கிடைத்திருக்கிறது போல. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர், உன் முறை வந்ததும் கட்டிலில் படுத்திருந்த என்னைப் பார்த்து, "நீ எழுந்திரும்மா, நானே படுக்கிறேன். செத்துடுவேன் போலிருக்கு" என்றார். மேடத்தின் முகம் சுண்டிப்போயிற்று. நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். உன் கை நடுங்கியதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

அவர் முதுகில் கை வைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. மேலிருந்து மெதுவாக இறங்கி வந்தாய். இடுப்பில் கட்டைவிரலை ஊன்றியதும் அவர், "அம்மாடி, அங்கேதான்! இது என்ன பாயிண்ட், சொல்லு" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உதட்டை அசைத்தேன். எட்டு அடி தூரத்தில் என் உதடு உனக்கு என்ன சொல்லும்?

"பரசேரி, மேடம்."

"என்னது?"

"பரசேரி. அடுத்தது தோட்டியோடு. அங்க பஸ்ஸு திரும்பும், கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கிடுங்க."

"எந்தப் புத்தகத்துல இருக்கு இது?" என்று கேட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. சுங்கான்கடை வருவதற்குள் தூங்கிவிட்டார். பத்து நிமிடம் நாம் எல்லோரும் அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எழுந்தவர் குனிந்து செருப்பைத் தானே மாட்டினார், இன்னொரு தடவை சும்மாவே குனிந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "பேரெல்லாம் எங்கேம்மா படிச்சே?" என்று கேட்டார்.

நீ உள்ளதைச் சொல்லிவிட்டாய். "எழுத்து ஓடாது மேடம். பஸ்ஸுல போர்டு வாசிச்சா இறங்குதோம்? இடம் வந்தா காலுக்கே தெரியும்லா."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னவோ எழுதினார். அடுத்து என் முறை. சுவரில் தொங்கிய படத்தில் அதே இடத்தைக் குச்சியால் தொட்டு, "நீ சொல்லு" என்றார். அறுபத்தேழும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பி.எல். 23. உனக்காக நூறு தடவை தலையணையிடம் சொன்னது. வாயைத் திறந்தேன்.

"பரசேரி."

நீ முந்தானையை இழுத்து வாயில் திணித்துக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. உன்னைத் தேர்ச்சி என்று எழுதியவர் என்னை ஃபெயில் ஆக்கினார். அழாத குறையாகக் காரணம் கேட்டேன். "அவங்களுக்கு எழுத்து தெரியாது, இடம் தெரியுது. உனக்கு எழுத்து தெரியும். உனக்கு என்ன கேடு?" என்றார். மூன்று மாதம் கழித்து நான் மறுபடி எழுதித்தான் தேறினேன். அதற்குள் நீ வெள்ளைக் கோட்டு தைத்துவிட்டாய்.

அம்மாவுக்கு அப்போது இடுப்பு வலி தாங்க முடியாமல் இருந்தது. நல்ல கைராசிக்காரம்மா ஒருத்தரைக் கூட்டிவருகிறேன் என்றேன். பெயர் சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மா துவைத்த சேலை கட்டி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். நான் முன்வாசல் கதவை விரியத் திறந்து, பெல் வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, கேட் அருகே நின்றேன். பத்தரை ஆயிற்று. நீ வரவில்லை. அப்போது வீட்டுக்குப் பின்னால் கதவு தட்டும் சத்தமும், அம்மாவின் குரலும் கேட்டன.

"இன்னைக்கு மீன் வேண்டாம் பிள்ள, டாக்டரம்மா வாறாவ!"

நான் ஓடி வந்தபோது அம்மா பின்வாசலில் நின்று உன் வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கையில் பையோடு, மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றாய். "காலு தன்னால இங்க வந்துட்டு டீச்சரம்மா" என்றாய். இருபது வருடமாகக் காத்திருந்த பெல்லை மறந்து, பழக்கத்தில் சந்து வழியாக நடந்து வந்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆறு மாதம் உன்னை மறைத்து வைத்ததற்காக அந்த நிமிடம் வெட்கப்பட்டேன். இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உன் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா எதுக்கு இங்க வந்து நிக்கியோ? முன்னால வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சுவரைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, அடுக்களை, சாப்பாட்டு அறை, கூடம் எல்லாம் தாண்டி நடந்தாள். நான் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். திறந்து கிடந்த முன்கதவையும் அடைத்தாள். உள்ளேயே நின்றாள். பெல் அடித்தது. அதற்குப் பிறகுதான் திறந்தாள்.

"பச்சக் கலரு" என்றாய் கதவைத் தடவி.

"வாங்க" என்றாள் அம்மா.

"வான்னு சொல்லுங்க டீச்சரம்மா. இல்லேன்னா கை நடுங்கும்."

குப்புறப் படுத்த அம்மாவிடம் பரசேரியைக் காட்டியபோது, "பஸ்ஸு இங்கயே கொஞ்சம் நிக்கட்டும்" என்றாள். எழுந்ததும் முதல் வேலையாக, "ஆமா, இனி மீனுக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள்.

அதன்பின் எத்தனை முன்வாசல்கள் உனக்கு! கதவுகளின் நிறத்தை எண்ணிச் சொல்வாய். போன வருடம் நீ போனபோதுதான் முதன்முறையாக உன் வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு தடவையாவது வந்திருக்கலாம். கூட்டம் நெருக்கியதால் பின்பக்கமாகப் போகலாம் என்று வீட்டைச் சுற்றினேன். வெறும் சுவர்தான் இருந்தது. உன் வீட்டுக்கு ஒரே வாசல், அக்கா. கடலைப் பார்த்த வாசல். மீன்காரனும் பங்குச் சாமியாரும் நானும் எல்லோரும் அதே வழியாகத்தான் உள்ளே வந்தோம்.

என் பார்லரில் இப்போது இரண்டு பெண்கள் என்னிடம் படிக்கிறார்கள். எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்த கையோடு ரூட்டையும் சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வில் உளறிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறேன். ஒருத்தி உளறத்தான் போகிறாள்.

நேற்று வடசேரியில் இறங்கி வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிற மீன்காரப் பெண் சந்துக்குள் நின்று, "இந்தக் கதவு திறக்காதா?" என்று என்னிடம் கேட்டாள். அம்மா அன்று போட்ட தாழ்ப்பாளை அதன்பின் யாரும் திறக்கவில்லை, துருப்பிடித்துவிட்டது. முன்னால் வரச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்தவள், கதவு திறந்தே கிடந்தும் வெளியே நின்றாள். உள்ளே நாற்காலியில் இருந்து அம்மா சத்தம் போட்டாள்.

"பெல்ல அடிச்சிட்டு வா பிள்ள!"