அடுப்பில் போட்ட ராக்கெட்

சேவூர்,
ஞாயிறு மாலை

அப்பாவுக்கு,

கல்யாணம் வேண்டாம் என்றதற்கு நீங்கள் அடுப்பில் போட்டீர்களே, அந்த மாடல் ராக்கெட் செய்யும் பெட்டி இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கம்பெனியே நிறுத்திவிட்டதாம். அதனால் என்ன? நானே செய்துவிட்டேன். பட்டு நூல் சுற்றி வரும் அட்டைக்குழாய்தான் உடம்பு. மூக்கை வந்தவாசியில் மரம் கடைபவர் கடைந்து தந்தார். மேலே தள்ளும் மருந்து மோட்டாருக்குத்தான் மாதக்கணக்கில் அலைந்தேன்.

போன வாரம் அறுப்பு முடிந்த வயலில் விட்டேன். பாராசூட் விரியாமல் கல் மாதிரி விழுந்தது. தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே பழகிய கை. பாராசூட்டுக்கு வெட்டிய பட்டுக்கும், ஓரம் பிரியக் கூடாதென்று, போட்டுவிட்டது.

"பொண்ணு இப்பிடி ராக்கெட் வுட்டுகினு இருந்தா எவன் கட்டிகினு போவான்?" என்றார் நான் இங்கே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா.

"அதுக்குத்தாங்க வுடறேன்" என்றேன்.

கஞ்சியை அலசிவிட்டு இன்று மறுபடி விட்டேன். அரக்குச் சிவப்பில் விரிந்து, காற்றை வாங்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது. ஓர் இழைகூடப் பிரியவில்லை. உங்கள் நெசவு, அப்பா.

தெள்ளார் மாப்பிள்ளைக்காக எனக்கு நெய்தீர்களே, அந்த முகூர்த்தப் புடவையை பீரோவில் தேட வேண்டாம். முந்தானைதான் போயிருக்கிறது. மிச்சத்தில் இன்னும் பத்து ராக்கெட்டுக்குத் துணி வரும்.

இப்போதும்
உங்கள் மகள்தான்