கழுவாத டிரம்

இன்று காலை டிரம்மின் மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. வெல்லம் புளித்த வாசம், அதற்கு அடியில் தவிடு, கூடவே பழங்கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று. என் மனைவிக்கு இது ஆகாது. குளத்திலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். எனக்கு இதில் உன் ஞாபகம்தான் வரும். முதல் தடவை இதை முகர்ந்த அன்று உன் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சேரம்பாடியில் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நாம். நான் பேக்கிங் பக்கம். நீ அரைத்த இலையைப் பரப்பிப் புளிக்கவைக்கும் அறை. ஷிப்ட் முடிந்தால் அங்கே தரை, தட்டு, சுவர் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய இலை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புது இலை கெட்டுவிடும். அந்தப் பழக்கம் உன் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆளைப் பார்த்தால் மற்றவர்கள் "சாப்பிட்டியா" என்று கேட்பார்கள். நீ "கழுவுனியா" என்று கேட்பாய். உன் வீட்டில் தண்ணீர் குடிக்கவே எனக்குப் பயம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாய்.

பள்ளத்தில் சும்மா கிடந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து, குளம் வெட்டி ஆற்று இறால் வளர்க்கலாம் என்றது உன் யோசனை. குளிர் விட்டதும் குஞ்சு விட வேண்டும், மறுபடி பனி இறங்குவதற்குள் பிடித்துவிட வேண்டும். மலையில் இறாலா என்று டீக்கடையில் சிரித்தார்கள். முதல் வருடம் அவர்கள் சிரித்தது சரியாகத்தான் போயிற்று. இறால் ஓட்டில் கறுப்புப் புள்ளி விழுந்தது. மீசை உதிர்ந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கரையோரம் செத்து ஒதுங்கிக் கிடந்தன.

அடுத்த வருடமும் புள்ளி தலைகாட்டியபோது திருப்பூரிலிருந்து உன் மகன் பேசினான். "இந்தத் தடவையும் போச்சுன்னா நீங்க இங்க வந்துரணும்ப்பா. தனியா அங்க என்ன பண்றீங்க?" நீயும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். மனைவி போன வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தாய், மகன் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் நீ போய்விடுவாய் என்று நிஜமாகவே பயந்தேன். இந்த வயதில் புதிதாக ஒரு ஆளைப் பிடித்துச் சண்டை போட்டுப் பழக முடியுமா?

ஆன்டிபயாட்டிக் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். "நம்ம எஸ்டேட் லயத்துப் புள்ளைங்க திங்கிறதுப்பா, வேணாம்" என்றாய். பத்தேரி டவுன் தீவனக் கடையில் புரோபயாட்டிக் பொடி கிடைத்தது. அதில் இருப்பது நல்ல கிருமிகள், குளத்தடியில் சேரும் கழிவை அவை தின்றுவிடும், கெட்ட கிருமிக்கு இடம் விடாது என்று கடைக்காரர் விளக்கினார். பாக்கெட்டில் அச்சடித்திருந்ததை நீ கண்ணாடி போட்டுப் படித்தாய். குளோரின் கலந்த தண்ணீர் கூடாது என்றிருந்ததால், குழாயைத் தொடாமல் ஓடைத் தண்ணீரைக் குடத்தில் சுமந்தோம். வெல்லம், தவிடு, பொடி மூன்றையும் டிரம்மில் கலந்து ஊறவைத்து, காலையில் குளத்தில் ஊற்றினோம்.

ஊற்றி முடித்த கையோடு டிரம்மைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பாய். பேருக்கு ஒரு அலசல். "பவுடர் கொஞ்சம் ஒட்டியிருந்தாத்தான் நல்லது" என்பாய். இறால் செத்துக்கொண்டே இருந்தது. பொடி டுபாக்கூர் என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு விடுதலை கிடைத்தது. நீ படுத்திருந்த நாட்களில் டிரம்மை நான் தேய்க்கவே இல்லை. சோம்பல்தான், வேறு காரணம் கிடையாது. தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நீ திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது மேலே நுரை நின்றது.

"என்னா இது?"

"நேத்துக் கலந்தது."

"கழுவுனியா?"

"இல்ல."

"பன்னிகூட இதுல வாய் வைக்காது" என்று டிரம்மைக் கவிழ்க்கப் போனாய். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஊத்துறதா இருந்தா குளத்துல ஊத்து. செத்தா எப்படியும் சாகுது."

நீ மறுபடி குனிந்து முகர்ந்தாய். இலை புளித்த பதத்தை மூக்காலேயே சொல்லும் ஆள் நீ. "இது அழுகின வாசம் இல்லப்பா" என்றாய். பாக்கெட்டை எடுத்து அந்தக் குளோரின் வரியைத் திரும்பப் படித்தாய். பிறகு மூலையில் இருந்த பிளீச்சிங் பவுடர் டப்பாவைப் பார்த்தாய், அதுவும் குளோரின்தானே.

"இத்தன நாளும் நாந்தான் கொன்னுருக்கேன்."

உன் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

மருந்து போட்ட மாதிரி உடனே மாறிவிடவில்லை. நுரை கட்டிய தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினோம். குளத்தடிச் சேற்றின் நாற்றம் குறைந்தது. ஓடு உரித்த இறால்களின் புது ஓடு புள்ளி இல்லாமல் வந்தது. நீ நீலப் பெயிண்ட் வாங்கி டிரம்மில் 'கழுவக் கூடாது' என்று எழுதினாய். எழுதிவிட்டுக் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாய். ஒவ்வொரு தடவையும் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதன் மேல் புதுக் கலவை ஊற்றுவது உன் ஏற்பாடு, தயிருக்கு உறை வைப்பது போல. இறால் பிடித்த அன்று மகனுக்குப் போன் போட்டு, "இங்க வேலை கெடக்குப்பா, இப்ப வர முடியாது" என்றாய். நான் குளத்து மோட்டாரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

போன மழைக்காலத்தில் உன் மூச்சு நின்றுவிட்டது. காரியம் முடிந்து உன் மகன் குளத்துக் கொட்டகையைச் சுத்தம் செய்ய வந்தான், கையில் பிளீச்சிங் பவுடர். தரையைத் தேய்த்தான், பக்கெட்டைத் தேய்த்தான், டிரம் பக்கம் வந்தான். நான் மறுபடி போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவுக்கு அழுக்கே ஆகாதே மாமா."

"இத எழுதினதே உங்கப்பாதான்" என்று நீலப் பெயிண்டைக் காட்டினேன். அவன் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்தான்.

நீ கடைசியாகக் கலந்ததன் மிச்சம் அன்று அடியில் இருந்தது. அதன் மேல்தான் ஊற்றினேன், இன்றும் அப்படித்தான் ஊற்றுகிறேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உன் கேள்வி காதில் விழுகிறது. பக்கத்தில் யாராவது இருந்தாலும் வாய்விட்டே பதில் சொல்லிவிடுகிறேன்.

"இல்லப்பா, கழுவல."