அம்மா மூடிய புத்தகம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். அம்மாவையும் சேர்த்து நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. சர்க்கரை அவளது இரண்டாவது கண்ணையும் பறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது சிறுநீரகமும் போய்விட்டது, இனி மருந்தால் ஆகப்போவது அதிகமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதைவிட வேறொன்றுதான் என்னைத் தின்கிறது.

கண் போனதிலிருந்து அவளுடைய பிரார்த்தனைப் புத்தகத்தைக் காலையில் நான்தான் படித்துக் காட்டுகிறேன். நீ சிரிப்பாய். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், மேலேயிருந்து இழுப்பது மோட்டார், வேறு யாருமில்லை என்று சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் உங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தவன். ஆனாலும் படித்தேன், சாவு என்று வரும் ஒரு வரியை மட்டும் தாண்டிவிடுவேன். அவளுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே, மூன்றாம் நாளே பிடித்துவிட்டாள். நம்பாத மனுஷனுக்கு வெறும் எழுத்தப் பாத்து என்னங்க பயம் என்று கேட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை பாதியில் கையை நீட்டித் தடவிப் புத்தகத்தை மூடினாள். போதும், அங்க யாரும் கேக்கற மாதிரி தெரியல, நீங்க சொன்னதுதான் சரி என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காக நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவன் நான். கேட்டதும் மூடிய புத்தகத்தைத் திறந்து, விட்ட வரியைத் தேடினேன். இன்றும் நான் நம்பவில்லை, ஆனால் அவள் நம்பிக்கொண்டிருந்தவரை இந்த வீட்டில் ஒருத்தியாவது பயப்படாமல் இருந்தாள். இப்போது இரண்டு பேரும் பயப்படுகிறோம். நேற்று, நான் போனா எங்கங்க போவேன் என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உன்னையும் கேட்பாள். நீயும் என் கட்சிதான், தெரியும். அப்பா சொன்னது சரி என்று மட்டும் சொல்லிவிடாதே. பொய் சொல்லச் சொல்லவில்லை, எதையாவது பேசிக்கொண்டிரு. லீவு கேட்டு வந்துவிடு, தள்ளிப்போடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

என் கடிதங்களில் கடைசி வரி எப்போதும் அம்மாவுடையது. கண் போன பிறகும் நான் விரலால் இடம் காட்ட, கோணல்மாணலாக எழுதிவிடுவாள். இன்றும் பேனாவை நீட்டினேன். யார்கிட்ட கேட்டு எழுதறது, நீங்களே முடிச்சிடுங்க என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு உறையை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுதுவதை நான் எழுதுகிறேன்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா