கோட்டுக்கு ஒரு அடி வெளியே

ஸ்டம்புக்குப் பின்னாலேயே பாதி ஆயுளைக் கழித்த என் அண்ணாவுக்கு,

எரிச்சலில்தான் எழுதுகிறேன். நீ போய் பதினான்கு மாதம் ஆகிறது. உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்திருந்தேன். உன் டீம் ஆட்கள் அதற்குக்கூட விடவில்லை.

ஜப்பார் அண்ணனைத் தூக்கிவிட்டார்கள். ஆமாம், உன் ஜப்பாரைத்தான். பதினேழு வருடம் அவர் பந்து போட்டார், நீ பிடித்தாய். போன மாதம் ஒரு புதன்கிழமை, கேப்டன் செல்வத்தின் கடையில் ஐந்து பேர் டீ குடித்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். "பாய்க்கு வயசாயிடுச்சுப்பா, கைல ஒண்ணும் இல்ல" என்றார் செல்வம். ஒருத்தர் முட்டி என்றார், ஒருத்தர் தோள் என்றார். நாள் முழுக்கக் குனிந்து மோட்டாருக்குக் காயில் கட்டினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்றார் இன்னொருத்தர். ஆளாளுக்கு டாக்டர்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஸ்கோர் புக்கோடு வரச் சொன்னார்கள். நீ ஆடிய கடைசி சீசனையும் இந்த சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். விக்கெட் பாதிக்குப் பாதி கம்மி, ரன் ஜாஸ்தி. எல்லாம் நானே புள்ளி வைத்து எழுதியது. வேங்கிக்காலில் என் ஆபீஸ் ஃபைலைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்து முடித்தேன். முடித்ததும் நானும் நம்பிவிட்டேன், அண்ணா. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மைதானம் பஸ் ஸ்டாண்ட் ஆகிவிட்டதால் மேட்ச் ஒரு வாரம் தள்ளிப் போனது. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் போனபோது மைதானத்தில் ஒரே ஒரு ஆள். ஜப்பார் அண்ணன். பிட்ச்சில் விரிக்கும் கயிற்று மேட்டைச் சுருட்டியபடியே டி.வி.எஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்ல பேரு இல்லன்னு சொன்னாங்களாண்ணா?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"சொன்னாங்கம்மா. மேட்டு யாரு போடுவா?"

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை. நீ பிடிக்கும் முனையை நான் பிடித்தேன். இழுத்து விரித்து ஆணி அடிக்கும்போதுதான் பார்த்தேன். மண் பிட்ச் என்றால் பேட்ஸ்மேன் தான் நிற்கும் இடத்தைப் பேட்டால் கீறிக்கொள்வான். கயிற்று மேட்டில் கீற முடியாது, சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வான். போன மேட்ச்சில் போட்ட கோடுகளை யாரும் தட்டவில்லை. மலைப் பக்க முனையில் எல்லாக் கோடும் கிரீஸின் மேலேயே இருந்தது. ரோட்டுப் பக்க முனையில் மட்டும் ஒரு அடி வெளியேயும் வரிசையாகக் கோடுகள்.

ரோட்டுப் பக்கம் நிற்பவர்கள்தான் ஜப்பார் அண்ணனை ஆடுபவர்கள். அவர் எப்போதும் மலைப் பக்கமிருந்து ஓடிவந்து போடுவார்.

ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் பந்துக்கு என்றைக்கு வேகம் இருந்தது? குத்தித் திரும்புவதில்தான் அவர் வித்தையே. ஒரு அடி முன்னால் வந்து நின்றால் அது திரும்புவதற்குள் அடித்துவிடலாம். நீ ஸ்டம்பை ஒட்டி உட்கார்ந்திருந்த காலத்தில் எவன் வெளியே வந்தான்? வந்து பந்தை விட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ ஸ்டம்பைத் தட்டியிருப்பாய். இப்போது கீப்பர் சுரேஷ். பேங்க்கில் வேலை, மூக்குக் கண்ணாடி, நல்ல மனுஷன். பத்து அடி தள்ளி நிற்கிறார்.

"இது உங்களுக்குத் தெரியுமாண்ணா?" என்றேன்.

"தெரியும் மலரு."

"தெரிஞ்சும் வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

அவர் அடுத்த ஆணியை எடுத்தார். "என்னான்னு சொல்றது? உங்க அண்ணன் இல்லாம எனக்குப் போட வரலன்னா? அதுக்கு வீட்லயே உக்காந்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. இவரையா, அந்த ஐந்து பேரையா? பக்கவாட்டில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். மைதானத்திலேயே அந்த ஒரு அடி எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். உன்னையும் திட்டினேன், மனசுக்குள். ஆறு நாள் காய்ச்சலுக்கு அவசரப்பட்டுப் போனாயே, எவனுக்காவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா?

செல்வம் வந்ததும் கோட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணன் பாசம்மா உனக்கு. புக்குல இருக்கறதுதானே நெஜம்?"

"அப்போ புக்கு வேணாம்" என்று மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். "பாய் ரெண்டு ஓவர் போடட்டும். சுரேஷ் சார் கிட்டப் போயி நிக்கட்டும். இல்லன்னா ஸ்கோர் எழுத வேற ஆளப் பாத்துக்குங்க."

கீழ்பென்னாத்தூர் டீம் வேன் வந்து நின்றுவிட்டது. வேறு ஆள் ஏது? செல்வம் முணுமுணுத்துக்கொண்டே லிஸ்ட்டைத் திருத்தினார். சுரேஷ்தான் பாவம், "பல்லு போயிடும் மேடம்" என்றார். உன் கிளவுஸ் இன்னும் அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது, கொண்டுவந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

ஜப்பார் அண்ணன் எடுத்த உடனே விக்கெட்டாகக் குவித்தார் என்று எழுத ஆசைதான். முதல் பந்து சுரேஷின் நெஞ்சில் பட்டு ஓடியது, பை கணக்கில் நாலு ரன். அடுத்த ஓவரில் ஒரு பந்து அருமையாகத் திரும்பிப் பேட்டின் ஓரத்தைத் தொட்டுப் போனது. சுரேஷ் விட்டுவிட்டார். ஜப்பார் அண்ணன் இரண்டு நொடி இடுப்பில் கைவைத்து நின்றார். உனக்குத் தெரியுமே, அந்த நிற்பு. பிறகு போய் சுரேஷின் முதுகைத் தட்டிவிட்டு வந்தார்.

இரண்டு ஓவர், விக்கெட் இல்லை. "பாத்தியா?" என்றார் செல்வம் என் மேஜைக்கு வந்து. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. இரண்டாவது பந்திலேயே, வெளியே வந்து நின்ற பேட்ஸ்மேன் திரும்பி சுரேஷை ஒரு தரம் பார்த்தான். சாக்பீஸை எடுத்தான், கிரீஸுக்கு உள்ளே போய்ப் புதுக்கோடு போட்டுக்கொண்டான்.

ஜப்பார் அண்ணனுக்கு வயதே ஆகவில்லை என்று சாதிக்க மாட்டேன். கடைசிப் பந்துக்கு ஓடிவரும்போது மூச்சு வாங்கியது, கேட்டது. ஆனால் எது அவருடைய குறை, எது நீ இல்லாத குறை என்று பிரிக்காமல் எப்படித் தீர்ப்பு எழுதினோம்? "அடுத்த வாரம் ஒரு மேட்ச், அவ்ளோதான்" என்று செல்வம் இறங்கி வந்திருக்கிறார். சுரேஷும் தினமும் சாயங்காலம் பேங்க் விட்டு நேராக மைதானத்துக்கு வந்து ஸ்டம்பை ஒட்டி நின்று பழகுகிறார். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருக்கிறார்.

ஸ்கோர் புக்கில் வைடுக்குக் கட்டம் இருக்கிறது, நோபாலுக்கும் இருக்கிறது. கீப்பர் எங்கே நின்றார் என்பதற்கு இல்லை. இத்தனை வருடம் உன் பெயருக்கு நேராக நான் எழுதியது நீ பிடித்த கேட்ச்சும் செய்த ஸ்டம்பிங்கும் மட்டும். உனக்குப் பயந்து கோட்டைத் தாண்டாமல் நின்றவர்களை ஒருநாளும் எழுதவில்லையே, அண்ணா.

வருகிற ஞாயிறு, ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் போடப்போகிறேன். ஒவ்வொரு ஓவருக்கும் கீப்பர் எவ்வளவு கிட்ட நின்றார் என்று எழுதுவேன். தலையைத் தூக்கிப் பார்த்து எழுதுவேன். யார் என்ன கேட்டாலும் அது உன் கட்டம் என்று சொல்வேன்.

இன்னும் கோபம் தீராத
உன் தங்கச்சி மலர்